வால் கனத்த விவகாரம்

அன்பு மைத்துனனும், நிலத் தகராறு வழக்குகளில் தோல்வி காணாத வக்கீலுமாகிய உனக்கு, உன் அக்காவின் கணவன் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், உன் அக்கா நலம், விமானம் நலமில்லை. அங்கே நீயும், உன் வீட்டாரும், உன் முதுகுவலியும் எப்படி என்று எழுதவும்.

போனில் விஷயத்தைச் சொன்னபோது நீ, “அத்தான், எல்லாத்தையும் வரிசையா, ஒண்ணு விடாம எழுதி அனுப்புங்க. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள என் கையில இருந்தா அன்னிக்கே அந்த மெக்கானிக்குக்கு நோட்டீஸ் போயிடும்” என்றாய். சொன்ன கையோடு, “ஆனா நான் நிலத்துக் கேஸ்தானே பாக்கறவன், விமானமெல்லாம் எனக்கு என்ன தெரியும்” என்று இழுத்தாய். கவலையே படாதே. என் விமானமும் நிலத்தில்தான் நிற்கிறது. அதுதான் வழக்கே.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் கோர்ட்டுக்குத் தெரியாதே, அதனால் ஆதியிலிருந்து வருகிறேன். முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தேன். என் கையெழுத்து இல்லாமல் இந்த ஊரில் ஒரு லிஃப்ட் தரையை விட்டுக் கிளம்பியதில்லை. அலுவலகம், ஆஸ்பத்திரி, பதினெட்டு மாடி ஓட்டல் என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன்; ஆனால் ஏறியதெல்லாம் ஜன்னல் இல்லாத பெட்டி. மேலே போனேனே தவிர மேலேயிருந்து எதையும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று, ஆபீஸில் கொடுத்த சுவர்க்கடிகாரமும் கையுமாக வீட்டுக்குள் நுழைந்தபோது உன் அக்கா கேட்டாள்: “இத்தனை வருஷமா நீங்க மட்டும் மேல போயிட்டு வந்தீங்க. என்னை எங்க கூட்டிட்டுப் போனீங்க?” எனக்குச் சுருக்கென்றது. “உன்னை மேல கூட்டிட்டுப் போய் நம்ம வீட்டை அங்க இருந்து காட்டறேன், இது சத்தியம்” என்றேன். அவள் ஏதோ குளிர்ப் பிரதேசத்துக்குப் போகிறோம் என்று கம்பளியை வெயிலில் காயப்போட்டாள். நான் பழைய விமானம் விற்கிற விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பணம் எங்கேயிருந்து வந்தது என்பதை இங்கே எழுதவில்லை. அதை உன் அக்கா உனக்குத் தனியாக எழுதியிருப்பாள்.

விற்றவர் ஒரு பல் டாக்டர். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், வெள்ளை உடம்பு, நீலக் கோடு. “என் சொந்தப் பிள்ளை மாதிரி வச்சிருந்தேன் சார், பிரிய மனசே வரல” என்று சொல்லி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். விற்பனைப் பத்திரத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி இருந்தது. உள்ளதை உள்ளபடி சொல்கிற மனிதர்கள் இந்தக் காலத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டேன். அதற்கு ‘அப்புறம் என்கிட்ட வந்து அழாதே’ என்று சட்டத்தில் அர்த்தம் என்பதை நீ போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். “பரவால்ல அத்தான், தெரிஞ்சே மறைச்சிருந்தா அந்த வரி அவரைக் காப்பாத்தாது. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நிபுணரை வச்சு சோதிச்சீங்கல்ல?” என்று கேட்டாய். சோதித்தோம் என்றேன். “யாரு சோதிச்சது?” என்றாய். நான்தான் என்றேன்.

நான் ஒன்றும் சும்மா சோதிக்கவில்லை. ஆதாரமாக இதையும் எழுதிக்கொள். கதவை நாற்பது தடவை திறந்து மூடினேன். ஒரு தடவைகூட சிக்கவில்லை. எல்லாப் பொத்தானையும் அழுத்தினேன். உள்ளே மாட்டிக்கொண்டால் அடிப்பதற்கு அபாய மணி இல்லை என்பதைக் குறையாகப் பதிவு செய்தேன். அதற்கு அந்த டாக்டர், “மேல மாட்டிக்கிட்டு மணி அடிச்சா யாரு சார் வரப்போறா?” என்று சிரித்தார். எத்தனை பேர் ஏறலாம் என்ற பலகை இல்லாததையும் சுட்டிக்காட்டினேன். கடைசியில் ‘நானே முழுமையாகச் சோதித்துத் திருப்தியடைந்தேன்’ என்று எழுதி, பழக்கதோஷத்தில் பதவியையும் கீழே எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை அவர் என்ன பத்திரமாகப் பையில் வைத்தார் தெரியுமா, எனக்கு அப்போதே பெருமையாக இருந்தது.

வாங்கி வந்த வாரமே சாயம் வெளுத்தது. பெட்ரோல் முள் எப்போதும் ‘நிறைய’ என்றே காட்டுகிறது, டாங்க் காய்ந்து கிடந்தாலும் அதன் நம்பிக்கை மாறுவதில்லை. இருக்கைக்குப் பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் பின்சுவராகத் தொங்குகிற கித்தான் திரை ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. அதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். விமானத்துக்கு ஜாதகம் மாதிரி ஒரு லாக்புக் உண்டு, எந்தத் தேதியில் என்ன பழுது, யார் பார்த்தார், எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதில் நடுவில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. உன் அக்கா கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்தாள். உள்ளே, ‘அவசரமாக வயலில் இறங்கியது, வால் அடிபட்டது’ என்று பளிச்சென்று எழுதியிருக்கிறது! அதைவிட முக்கியம், அந்தப் பசையில் புதினா வாசனை வருகிறது. நானும் மோந்து பார்த்தேன், உன் அக்காவும் மோந்து பார்த்தாள், பல் ஆஸ்பத்திரி வாசனையேதான். அந்தப் பக்கத்தை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி வைத்திருக்கிறேன், நீதிபதி மோந்து பார்க்கிறவரை வாசனை போகக்கூடாதே. ஆனால் டாக்டரோ ஆஸ்பத்திரியை மூடிவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டார், என் திருப்திக் கடிதமும் அவரிடம் இருக்கிறது, அதனால் அந்தக் கேஸ் மெதுவாகத்தான் நகரும் என்று நீயே சொல்லிவிட்டாய். ஆகவே மெக்கானிக்குக்கு வருகிறேன்.

விமானத் திடலின் கடைசியில் தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. அவரை எல்லாரும் ‘அரைவார்த்தை’ என்றுதான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் அதற்கு மேல் பேசமாட்டார். இன்ஜின் எப்படி இருக்கிறது என்று கேட்டால் “இருக்கு” என்பார். எப்போது முடியும் என்றால் “முடியும்” என்பார். ஆள் வேலையில் கெட்டி என்று எல்லாரும் சொன்னார்கள். சுவரில் அவருடைய லைசென்ஸ் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பட்டறையில் துடைத்து வைத்த பொருள் என்று பார்த்தால் ஸ்பேனர்களும் அதுவும்தான். பட்டறைக் கதவு மட்டும் காற்றடித்தால் படீர் படீர் என்று அடித்துக்கொள்ளும், ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருப்பார், அதையும் காற்று தள்ளிவிடும். ஊர் கதவையெல்லாம் சோதித்த எனக்கு அதைப் பார்த்தபோதே மனதில் ஒரு முள் தைத்தது. இருந்தாலும் வாலை அவரிடம்தான் கொடுத்தேன். கீலை மாற்றினார், கம்பியை மாற்றினார், லாக்புக்கில் ‘குறை நீக்கப்பட்டது’ என்று எழுதி, தேதி, லைசென்ஸ் நம்பர், கையெழுத்து எல்லாம் போட்டார். இந்தக் கையெழுத்துதான் நம் வழக்குக்கு உயிர்நாடி என்று நீ சொன்னாயே, அது.

இப்போது என் தரப்பில் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் என்பதைக் கேள். அடுத்தவன் கையெழுத்தை நம்பி உன் அக்காவை ஏற்றிவிடுகிற ஆளா நான்? லிஃப்டில் பத்துப் பேர் ஏறலாம் என்றால் பன்னிரண்டரைப் பேர் கனத்துக்கு மணல் மூட்டை வைத்துச் சோதிப்பதுதான் என் வழக்கம், எடைக்கு மேல் கால் பங்கு. அதே முறையை இங்கேயும் கையாள்வதென்று முடிவு செய்து உன் அக்காவிடம், “உன் எடை எவ்வளவு?” என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. சொல்லமாட்டேன் என்றுவிட்டாள். சரி, நானே குத்துமதிப்பாக ஒன்றை வைத்துக்கொண்டு, என் பழைய சீருடைக் கால்சட்டை மூன்றைக் கொடுத்து, ஒவ்வொரு காலையும் வெட்டி மூட்டையாகத் தைத்துக் கொடுக்கச் சொன்னேன். அவளும் தைத்தாள், ஒவ்வொன்றிலும் பதினைந்து கிலோ மணல். கடைசி மூட்டையைக் கட்டும்போதுதான் மனக்கணக்குப் போட்டிருக்கிறாள். “தொண்ணூறா? நான் தொண்ணூறு கிலோவா?” இல்லைம்மா, அது கால் பங்கு சேர்த்தது, உன் அசல் எடை எழுபத்திரண்டுதான் என்று நான் ஆறுதல் சொன்னேன். அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. எழுபத்திரண்டு ஜாஸ்தியா குறைச்சலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, நீ தம்பி, உனக்குத் தெரிந்தால் எழுது.

சனிக்கிழமை நான் தனியாகத் திடலுக்குப் போய், மூட்டைகளை இருக்கையிலும் பின்னால் சாமான் இடத்திலும் ஏற்றி, விமானத்தைப் பிடித்து மேலும் கீழும் இடமும் வலமும் குலுக்கு குலுக்கென்று குலுக்கிப் பார்த்தேன். ஒரு சத்தம் இல்லை, ஒரு முனகல் இல்லை. திருப்தி. ஐந்து மூட்டைகளையும் இறக்கி, காரில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து, கார் நிறுத்துகிற இடத்தில் சுவரோரமாக வரிசையாக அடுக்கிவிட்டேன். இப்போதும் அங்கேதான் இருக்கின்றன, வேண்டுமானால் கோர்ட்டில் ஆஜர்படுத்தலாம்.

ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. நான் இன்னும் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறவன், ஆளை ஏற்ற எனக்கு அனுமதி இல்லை. அதனால் எனக்குச் சொல்லித்தருகிற பயிற்சியாளர், மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், அவர் முதலில் தனியாக ஒரு சுற்று போய்விட்டு வந்து உன் அக்காவை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. உன் அக்கா புதுச் செருப்பு, கறுப்புக் கண்ணாடி, காயப்போட்ட அதே கம்பளி, எல்லாம் போட்டுக்கொண்டு வேலியோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது, மச்சான். காவலாளி வந்து, “என்ன சார் உங்க பிளேன் இன்னிக்கு மூக்கைத் தூக்கிட்டு நிக்குது, ஓனர் மாதிரியே” என்று கிண்டலடித்துவிட்டுப் போனான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாஸ்டர் கிளம்பினார். ஓடி, எழும்பி, எழும்பினது எழும்பினபடி மூக்கு வானத்தைப் பார்க்கப் போகிறது! குதிரை முன்னங்காலைத் தூக்கின மாதிரி நிற்கிறது, இறங்குகிறது, மறுபடி தூக்குகிறது. எப்படியோ ஒரு சுற்றுச் சுற்றி, தடால் என்று தரையில் போட்டு நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கினார். “வால்ல கோளாறு சார். ஓட்டற குச்சியை முன்னாடி முட்டத் தள்ளினாலும் மூக்கு இறங்கமாட்டேங்குது. பின்னாடி யாரோ உக்காந்து இழுக்கற மாதிரி இருக்கு” என்றார். உன் அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினாள். அந்தப் பெட்டி மூடின சத்தம் இருக்கிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வாலை யார் பழுது பார்த்தது? அரைவார்த்தை. அப்போதே உனக்குப் போன் போட்டேன். நீ சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்: “அத்தான், அந்த விமானம் இப்ப சாட்சி. யாரும் தொடக்கூடாது, நீங்களும் தொடக்கூடாது. முக்கியமா அந்த மெக்கானிக்கைக் கிட்டவே விடாதீங்க. கோர்ட்டு ஒரு நிபுணரை அனுப்பறவரைக்கும் இருக்கிறபடி இருக்கட்டும்.” நீ சொன்னபடி அட்சரம் பிசகாமல் செய்தேன். ஓய்வு பெறும்போது திருப்பிக் கொடுக்க மறந்துபோன, லிஃப்டுகளுக்கு முத்திரை வைக்கிற ஈய முத்திரைக் குறடு வீட்டில் இருந்தது. அதைக் கொண்டுபோய் வாலில் இருக்கிற சின்ன மூடியில் கம்பி கோத்து முத்திரை வைத்தேன். திடலின் அறிவிப்புப் பலகையில், ‘இந்த விமானத்தின் வாலைப் பழுது பார்த்தவர் மீது நடவடிக்கை எடுக்கப்படுகிறது, மற்ற உரிமையாளர்கள் யோசித்து நடக்கவும்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டினேன். லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகத்துக்கும் ஒரு புகார் எழுதினேன். புகார் நிரூபணமானால் லைசென்ஸ் போய்விடும், அப்புறம் இந்தத் தொழிலில் அவர் கை வைக்கவே முடியாது என்று அங்கே உள்ள குமாஸ்தா சொன்னார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். மறுநாளே அரைவார்த்தை வந்து நின்றார். “சார். வால். திறங்க” என்றார். வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர் ஒரே மூச்சில் மூன்று வார்த்தை! எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. அதெல்லாம் கோர்ட்டில் வந்து திறக்கலாம் என்று அனுப்பிவிட்டேன். புதன்கிழமை மறுபடி வந்தார். விமானத்தின் மூக்கைக் காட்டினார், வாலைக் காட்டினார், கையைக் கிணற்று ஏற்றம் மாதிரி மேலும் கீழும் ஆட்டினார். “உள்ள ஏதோ இருக்கு சார். நான் தொடல. நீங்களே திறந்து பாருங்க.” தடயத்தை என் கையாலேயே அழிக்க வைக்கப் பார்க்கிறார் பார்த்தாயா, எவ்வளவு தந்திரம்! முத்திரைமேல் கை வைத்தால் போலீஸுக்குப் போவேன் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை வந்தபோது பேசவே இல்லை. கொஞ்ச நேரம் வாலைப் பார்த்துக்கொண்டு நின்றார், அப்புறம் பலகையில் நான் ஒட்டினதைப் பார்த்தார், போய்விட்டார். இந்த மூன்று வருகையையும் தேதி நேரத்தோடு தனித் தாளில் இணைத்திருக்கிறேன். நோட்டீஸில் இதுதான் நம் பிரம்மாஸ்திரம்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, இது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது. நேற்று அந்தப் பக்கம் போனேன். என் அறிவிப்பைப் பார்த்துவிட்டு அவரிடம் விமானம் விட்டிருந்த மூன்று பேரும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். பட்டறை வெறிச்சென்று கிடந்தது. துடைத்த ஸ்பேனரையே எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரில் லைசென்ஸ் இருந்த இடத்தைப் பார்த்தேன், அது இன்னும் இருந்தது, எனக்கு ஏனோ அப்பாடா என்று இருந்தது. கதவு படீர் படீர் என்று அடித்துக்கொண்டது, எழுந்து போய்ச் செங்கல்லைச் சரிசெய்யக்கூட அவருக்கு மனமில்லை. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உன் அக்காவின் உயிரோடு விளையாடின மனிதரிடம் பாவம் பார்த்தால் நான் என்ன கணவன்? நினைத்துப் பார், அந்த முதல் சுற்றில் அவளும் ஏறியிருந்தால்? ஆகவே நோட்டீஸில் ஈவு இரக்கம் வேண்டாம். காரசாரமாக இருக்கட்டும். நிலத் தகராறில் நீ போடுகிற அந்த ‘தவறும் பட்சத்தில்’ என்கிற வரியை இரண்டு இடத்தில் போடு.

குழந்தைகளுக்கு என் ஆசிகள், உன் மனைவிக்கு என் விசாரிப்புகள், உன் முதுகுக்கு ஓய்வு கிடைக்கட்டும். நீ ஏறுகிற கோர்ட்டெல்லாம் உனக்குச் சாதகமாகட்டும், ஏறுகிற லிஃப்டெல்லாம் பத்திரமாக இறங்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
லிஃப்ட் ஆய்வாளர் (ஓய்வு), விமான உரிமையாளர் (தரையில்)

பின்குறிப்பு: மச்சான், நோட்டீஸ் அனுப்பாதே. முதலில் இதைப் படி. இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் கடைசிப் பக்கத்திலிருந்து படி என்று உறையின் மேலேயே எழுதியிருக்கிறேன்.

நான் எதை எழுதினாலும் உன் அக்கா பிழை பார்த்த பிறகுதான் தபாலில் சேரும், உனக்குத் தெரியும். மத்தியானம் இதைப் படித்துக்கொண்டு வந்தவள் மூட்டைப் பகுதியில் நின்றுவிட்டாள். “எத்தனை மூட்டை இறக்கினீங்க?” என்றாள். அஞ்சு, அதான் எழுதியிருக்கேனே என்றேன். “எத்தனை கால்சட்டை குடுத்தீங்க?” மூணு என்றேன். “மூணு கால்சட்டைக்கு எத்தனை காலு?” என்றாள். முப்பத்து நான்கு வருஷம் எடையை ஏற்றின கை, இறக்கும்போது எண்ணாமல் விட்டிருக்கிறது. “எந்திரிங்க, கார் சாவியை எடுங்க” என்றாள்.

வழி நெடுக நான்தான் அது வேறெங்காவது இருக்கும், காரில் விழுந்திருக்கும், காவலாளி எடுத்திருப்பான் என்று புலம்பிக்கொண்டே போனேன். திடலுக்குப் போனதும் அவள் என் விமானத்துக்குப் போகவில்லை, நேராக அரைவார்த்தையின் பட்டறைக்குப் போய், “அண்ணே, வந்து வாலைத் திறங்க” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். முத்திரைக் கம்பியை நான்தான் வெட்டினேன். அவர் மூடியைக் கழற்றி, தோள்வரை கையை உள்ளே விட்டு, மெல்ல இழுத்தார். வந்தது, மச்சான். என் சீருடையின் இடது கால். பாக்கெட் ஓரத்தில் ஆய்வாளர் பட்டையோடு, பதினைந்து கிலோ மணலோடு, இரண்டு பக்கமும் உன் அக்கா கட்டின முடிச்சோடு வந்தது. நான் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன் அல்லவா, அந்தக் குலுக்கலில் கித்தான் கிழிசல் வழியாக வாலுக்குள் போயிருக்கிறது. அதை எடுத்த மறுகணம் விமானம் தூக்கி வைத்திருந்த மூக்கைத் தானாகவே இறக்கிக்கொண்டது. என் மூக்கும்தான். அரைவார்த்தை மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “இதான்” என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது, உன்னிடம் மறைப்பானேன். அந்த மனிதர் மூன்று நாள் வந்து வந்து சொன்னதே இதைத்தான். நான் அதைத் தேதி போட்டு அவருக்கு எதிராக எழுதி வைத்திருக்கிறேன். உன் அக்காவின் உயிரோடு விளையாடினது யாரென்று இப்போது தெரிந்துவிட்டது, மாஸ்டர் உயிரோடும் சேர்த்து. மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டினதை இங்கே எழுத முடியாது, முழுதும் நியாயம். அரைவார்த்தையிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் எனக்கு அலுவலக பாஷைதான் வருகிறது. “மேற்படி விஷயத்தில்…” என்று ஆரம்பித்தேன். உன் அக்கா முழங்கையால் ஒரு இடி இடித்தாள். அதற்கப்புறம்தான் மனுஷ பாஷை வந்தது. “தப்பு என்மேல. உங்க பொழப்பைக் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க” என்றேன். “நீங்க என்மேல கேஸ் போடுங்க, என் மச்சான் நல்ல வக்கீல், அவனையே உங்களுக்கு வச்சுத் தரேன்” என்றும் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னிக்கவும். அவர் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். “மூட்டையைக் குடுங்க” என்றார். கொண்டுபோய்ப் பட்டறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். கதவு நின்றுவிட்டது. இனி அவர் பட்டறைக்குப் போகிறபோதெல்லாம் என் காலைப் பார்த்துக்கொண்டேதான் நான் உள்ளே நுழைய வேண்டும், நுழைகிறேன்.

புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், பிழை என்னுடையது என்றும் லைசென்ஸ் அலுவலகத்துக்கு எழுதி, தபாலை நம்பாமல் நேரிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று உரிமையாளர்களுக்கும் போன் செய்து சொன்னேன். இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அவரிடமே திரும்பிப் போவதாகச் சொன்னார்கள். மூன்றாமவர் யோசிக்கிறாராம், அவர் வீட்டுக்கு நாளை நேரில் போகிறேன். டாக்டர் மீதான வழக்கு மட்டும் இருக்கட்டும், புதினா வாசனை இன்னும் போகவில்லை. மூட்டை போன கிழிசலும் டாக்டர் காலத்ததுதானே, அதையும் சேர்க்க முடியுமா என்று பார். உன் அக்கா, “வெக்கமாயில்ல?” என்கிறாள். சரி, கிழிசலை விட்டுவிடு.

கடைசியாக ஒன்று. திடல் பலகையில் என் பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டு, அதே இடத்தில், அதே பெரிய எழுத்தில் வேறொன்று ஒட்டினேன்: ‘விமானத்தின் வாலில் மணல் மூட்டையை மறந்து வைத்தது இதன் உரிமையாளரே. பழுது பார்த்தவர் வேலையில் எந்தக் குறையும் இல்லை. குறை என்னுடையது.’ கீழே கையெழுத்துப் போட்டேன், பதவியைப் போடவில்லை. மாலையில் கிளம்பும்போது பார்த்தேன், அரைவார்த்தை அதன் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். லாக்புக்கில் எழுதுகிற அதே கையெழுத்தில், என் பெயருக்குக் கீழே, ‘குறை நீக்கப்பட்டது’ என்று எழுதி, தேதி போட்டு, லைசென்ஸ் நம்பரும் போட்டார்.

உன் அக்கா ஞாயிற்றுக்கிழமை மேலே போகிறாள். அரைவார்த்தையே மாஸ்டரோடு ஒரு சுற்று போய்விட்டு வந்த பிறகு.